பிடியில் எவ்வளவு சொரசொரப்பு வேண்டும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் செல்லும் மலை ரயிலில் ஒருமுறையாவது ஏறியவர்கள், கல்லாறு நிலையத்தைக் கடந்ததும் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பல்வரிசை தொடங்குவதைக் கவனித்திருப்பார்கள். ஏறத்தாழ பன்னிரண்டு அடி ஓடினால் ஓர் அடி உயர வேண்டிய அந்தச் சரிவில் வழவழப்பான சக்கரத்தால் வழவழப்பான தண்டவாளத்தைப் பற்றி நிற்க முடியாது என்பதால், எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு மேலேறுகிறது. குன்னூர் வந்ததும் பல்வரிசை முடிந்துவிடுகிறது. 1908-இல் ஊட்டி வரை நீட்டப்பட்ட மேற்பகுதியில் சாதாரணத் தண்டவாளமே போதுமானதாக இருக்கிறது. பல் தேவைப்படும் தொலைவுக்கு மட்டும் பல்லைப் பதித்து, மற்ற இடத்தில் அதைத் தவிர்த்திருக்கிறார்கள்.

அரைத்தானியங்கிப் பிஸ்டலின் பிடியில் எத்தகைய சொரசொரப்பு இருக்க வேண்டும் என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாதைதான் நினைவுக்கு வருகிறது. புதிதாகத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு வருபவர்களும், தற்காப்புக்காக லைசென்ஸ் பெற்று முதல் பிஸ்டலை வாங்குபவர்களும், பிடி எவ்வளவு கரடுமுரடாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்துடனேயே கடைக்குப் போகிறார்கள். அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது. குறிப்பாக நம் நாட்டில் பொதுமக்கள் பயன்படுத்தும் தோட்டாக்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் மிகவும் தவறானது. அதற்கான காரணத்தை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் கருவியைப் பற்றிச் சில வரிகள். அரைத்தானியங்கிப் பிஸ்டலில் ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா மட்டுமே வெடிக்கும். அந்த வெடிப்பின் ஆற்றலைக் கொண்டே மேலுள்ள ஸ்லைடு பின்னோக்கி ஓடி, வெற்றுக் குப்பியை வெளியே தள்ளிவிட்டு, முன்னோக்கித் திரும்பும்போது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏற்றுகிறது. சாதாரணப் பிஸ்டல்களில் இந்த மேகசின் பிடிக்குள்ளேயே செருகப்படுகிறது. ஆகவே பிடியின் உட்புறம் ஒரு பெட்டிக்குக் கட்டுப்பட்டது. அதைக் குடைந்தோ செதுக்கியோ நம் கையின் வடிவத்துக்கு விருப்பம்போல மாற்ற முடியாது. விளையாட்டுக்கென்றே செய்யப்படும் .22 (அதாவது ஏறத்தாழ 0.22 அங்குல விட்டமுள்ள குண்டைச் சுடும்) பிஸ்டல்கள் பலவற்றிலோ மேகசின் ட்ரிகருக்கு முன்னால் இருப்பதால், பின்னாலுள்ள மரப்பிடியைக் கைக்கு ஏற்றபடி அரத்தால் ராவிக்கொள்ளலாம். இந்த வேறுபாடு பின்னால் பயன்படும் என்பதால் நினைவில் இருக்கட்டும்.

தோலும் ஈரமும்

வங்கியில் பணம் எண்ணும் காசாளரின் மேசையில் ஈரப் பஞ்சு வைத்த ஒரு சிறு கிண்ணம் இருக்கும். உலர்ந்த விரலுக்குத் தாள் வசப்படுவதில்லை. விரல் நுனியைப் பஞ்சில் லேசாகத் தொட்டுக்கொண்டால் ஒவ்வொரு தாளாகப் பிரிந்து வருகிறது. அதே விரலைத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு எண்ணினால் தாள் நழுவும். நம் தோலின் மேலடுக்கு உலர்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கிறது. சிறிதளவு ஈரம் பட்டால் அது மென்மையாகி, தொடும் பொருளின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படிந்து, தொடுபரப்பைக் கூட்டிக்கொள்கிறது. ஈரம் அளவுமீறிப் படலமாகத் திரண்டால், தோலுக்கும் பொருளுக்கும் இடையே நீரே நின்றுகொண்டு இரண்டையும் ஒட்டவிடாமல் செய்கிறது. எனவே கையின் பற்றும் திறன் ஈரத்தோடு சேர்ந்து முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரிகிறது.

பிடியிலுள்ள சொரசொரப்பு இந்த இடத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதன் மேடுகள் தோலில் அழுந்திக் கவ்விக்கொள்கின்றன; அதன் பள்ளங்கள், மழைச்சாலையில் டயரின் வரிப்பள்ளங்கள் நீரை ஒதுக்குவதைப் போல, வியர்வையையும் மழைநீரையும் வாங்கிக்கொண்டு மேடுகளைத் தோலோடு நேரடியாகத் தொடவைக்கின்றன. பள்ளமே இல்லாத வழவழப்பான ரப்பர் உலர்ந்த கையில் அருமையாக ஒட்டினாலும் நனைந்த கையில் ஏமாற்றிவிடுவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. என் கணிப்பில் தொடக்கநிலையாளருக்கு அதுவே முதன்மையானது, ஆனால் அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சொரசொரப்பு என்பது கைக்கு ஓர் அடையாளக் குறி. நேற்றுப் பிடித்த இடத்தில்தான் இன்றும் பிடித்திருக்கிறோமா, நடுவிரல் ட்ரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, உள்ளங்கையின் மேடு சென்ற முறை அமர்ந்த அதே இடத்தில் அமர்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் கண் பார்ப்பதில்லை. தோல்தான் உணர்ந்து சொல்கிறது. இலக்கில் தோட்டாத் துளைகள் ஒன்றையொன்று நெருங்கி விழுவதும் சிதறி விழுவதும் பெரும்பாலும் இந்த ஒரே மாதிரியான பிடிப்பைப் பொறுத்தவை.

இதோடு இறுக்கத்தின் கணக்கும் சேர்கிறது. வழுக்கும் பிடியை நழுவாமல் வைத்திருக்க அதிகமாக இறுக்க வேண்டும். இறுக்கும் கை நடுங்கும். நடுங்கும் கையில் ட்ரிகர் விரலும் மற்ற விரல்களோடு சேர்ந்து விறைத்துக்கொள்ளும். பிடியின் பற்றுதல் கூடினால் அதே நிலைத்தன்மைக்குக் குறைந்த இறுக்கமே போதும், ட்ரிகர் விரல் தனியாக இயங்கும் சுதந்திரத்தைப் பெறுகிறது. அளவான சொரசொரப்பினால் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான்.

எவ்வளவு உதைக்கிறது?

சொரசொரப்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது பின்னுதைப்பு, அதாவது சுடும்போது பிஸ்டல் கையைப் பின்னோக்கித் தள்ளும் வேகம். ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் குண்டின் எடையையும் அது வெளியேறும் வேகத்தையும் பெருக்கினால் உதைப்பைப் பற்றி ஓரளவு தெளிவான ஒப்பீடு கிடைக்கும். .22 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையும் நொடிக்கு 320 மீட்டர் வேகமும் கொண்டது. பெருக்கினால் நொடிக்குக் கிலோகிராம்-மீட்டர் கணக்கில் 0.8 வருகிறது. லைசென்ஸ் பெற்றவர்கள் பரவலாக வாங்கும் .32 பிஸ்டலில், அதாவது 7.65 மில்லிமீட்டர் தோட்டாவில், 4.6 கிராம் குண்டு நொடிக்கு 280 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போவதால் 1.3 வருகிறது. படைகளில் பரவலான 9 மில்லிமீட்டர் பாராபெல்லம் தோட்டாவுக்கு இது 2.7 அளவிலும், .45 தோட்டாவுக்கு 3.8 அளவிலும் இருக்கும். வெடிமருந்து வாயுவின் பங்கும் பிஸ்டலின் எடையும் இந்தக் கணக்கைச் சற்று மாற்றும் என்றாலும் வரிசை மாறாது.

இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். 9 மில்லிமீட்டர் பாராபெல்லம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது; சாதாரண லைசென்ஸில் அது கிடைக்காது. .45 மிக அரிது. நம்மில் பெரும்பாலோர் சுடுவது .22 அல்லது .32. ஆனால் இணையத்தில் நாம் பார்க்கும் கூர்மையான பிடிகளும், மணற்காகிதம் போன்ற டேப்புகளும், 9 மில்லிமீட்டரிலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களை வேகமாகச் சுடும் வெளிநாட்டுப் போட்டியாளர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ உள்ள உதைப்புக்கு அதே பற்களை வாங்கிப் பொருத்துவது, குன்னூருக்கு மேலேயும் பல்வரிசை போட்ட கதையாகிவிடும்.

நீலகிரியில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் குன்னூர் சுற்றுவட்டாரத்தில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் வாழ்கிறார்கள். துப்பாக்கி வாங்கும் எவரும் முதலில் யோசனை கேட்பது அவர்களிடம்தான். அவர்களுடைய அனுபவம் மதிக்கத்தக்கது. ஆனால் அந்த அனுபவம் பிரௌனிங் ஹை-பவர் வடிவத்தை ஒட்டி இந்தியாவில் செய்யப்பட்ட 9 மில்லிமீட்டர் பிஸ்டலில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே சரியாக இருந்த ஒன்று .32-இல் மிகையாகத் தெரியலாம்.

வரலாறும் இதையே காட்டுகிறது. .45 தோட்டாவைச் சுட்ட அமெரிக்கப் படையின் 1911 பிஸ்டலில், பக்கப் பலகைகள் குறுக்குக்கோடு வெட்டியவை, முதலில் வால்நட் மரத்திலும் பின்னாளில் பிளாஸ்டிக்கிலும். விரல்கள் சுற்றிப் பிடிக்கும் முன்முகம் வெறும் வழவழப்பான எஃகு. இரண்டு உலகப் போர்களில் அதைச் சுட்டவர்கள் அதை நழுவவிட்டுக்கொண்டே இருந்ததாகத் தெரியவில்லை.

பிடியின் எந்தப் பக்கம்?

பிடியை முன்முகம், முதுகு, இரண்டு பக்கப் பலகைகள் என்று நான்காகப் பிரித்துக்கொள்வோம். குழல் நம் கைக்கு மேலே இருப்பதால், உதைப்பு பிஸ்டலைப் பின்னால் தள்ளுவதோடு நிற்காமல் அதன் முனையை மேல்நோக்கிச் சுழற்றவும் செய்கிறது. அந்தச் சுழற்சியில் முதுகின் மேற்பகுதி கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலான கவட்டில் வந்து அழுந்துகிறது. பிடியின் அடிப்பகுதியோ உள்ளங்கையிலிருந்து முன்னோக்கி விலகி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் இழுக்கிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முன்முகத்தில், குறிப்பாக அதன் கீழ்ப்பாதியில், சொரசொரப்பு பயனுள்ளது. கவட்டில் படும் முதுகின் மேற்பகுதியில் அது பயனைவிடத் தொல்லையே தரும், ஏனெனில் அங்கே தோல் மெல்லியது, பிஸ்டலும் அங்கே விலகுவதில்லை, அழுந்தத்தான் செய்கிறது.

பக்கப் பலகைகளின் தேவை நீங்கள் ஒரு கையால் சுடுகிறீர்களா, இரு கைகளாலா என்பதைப் பொறுத்தது. இரு கைகளால் பிடிக்கும்போது வலக்கைக்காரரின் இடது உள்ளங்கை இடப்பக்கப் பலகையில் நேராகப் படிந்து அழுத்துகிறது. அந்தக் கை நழுவினால் ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு பிடியைச் சரிசெய்துகொள்ள வேண்டிவரும். ஆகவே அவ்வகையில் பக்கப் பலகையின் சொரசொரப்பு முன்முகத்துக்கு இணையான மதிப்புடையது. ஒலிம்பிக் வகைப் பிஸ்டல் போட்டிகளிலோ ஒரு கையால்தான் சுட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் ஐந்து இலக்குகளையும் முதலில் 8 நொடியிலும், அடுத்து 6 நொடியிலும், இறுதியில் 4 நொடியிலும் சுட்டு முடிக்க வேண்டும். நான்கு நொடியில் ஐந்து முறை சுடும்போது நடுவில் பிடியைத் திருத்திக்கொள்ள நேரமேது? முதல் தோட்டாவுக்கு எப்படிப் பிடித்தோமோ அதே பிடிதான் ஐந்தாவதற்கும். இத்தகைய பிஸ்டல்களில் மரப்பிடியே கையின் வடிவத்தில் செதுக்கப்பட்டு, மேற்பரப்பு நுண்ணிய புள்ளிகளால் கொத்தப்பட்டிருக்கும். பிடி மணிக்கட்டைத் தொட்டுத் தாங்கிக்கொள்ளக் கூடாது, மணிக்கட்டு விலகித் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆகவே வடிவமும் மேற்பரப்பும் சேர்ந்துதான் எல்லா வேலையையும் செய்தாக வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் சொரசொரப்பு அறவே வேண்டாம். ட்ரிகர் விரல் பிடியின் மேற்பகுதியை ஒட்டி நீளும் பாதை அது. அந்த விரல் உரசாமல், தடைபடாமல் நேர்பின்னோக்கி வர வேண்டும். பிடி முழுவதும் டேப் சுற்றுபவர்கள் தவறாமல் செய்யும் பிழை இந்தப் பாதையையும் சேர்த்து மூடிவிடுவதுதான்.

வடிவம் முந்தி, மேற்பரப்பு பிந்தி

சொரசொரப்பைப் பற்றிய கட்டுரையில் வடிவத்தைப் பேசுவது ஏன் என்றால், வடிவம் பொருந்தாத குறையைச் சொரசொரப்பால் ஈடுகட்ட முயன்று தோற்பவர்களே அதிகம். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலை செய்பவரின் கத்திப் பிடியையோ விறகு பிளப்பவரின் கோடரிக் காம்பையோ கையில் வாங்கிப் பாருங்கள். அது வருடக்கணக்கில் கைபட்டு வழவழப்பாகிக் கிடக்கும். மழையிலும் பனியிலும் நாள் முழுதும் வீசும் கருவி அது, ஆனாலும் யாரும் அதில் அரம் போட்டுக் கீறி வைப்பதில்லை. கீறினால் மாலைக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிடும். காம்பின் பருமன் கைக்குப் பொருந்தியிருப்பதும், அடிப்பகுதி சற்றே தடித்துக் கையை நழுவவிடாமல் தடுப்பதும்தான் அங்கே பிடிமானம்.

பிஸ்டலிலும் அப்படியே. கையில் எடுத்து இலக்கை நோக்கி நீட்டும்போது ட்ரிகர் விரலின் முதல் கணுவுக்கு முந்திய சதைப்பகுதி இயல்பாக ட்ரிகர் மீது வந்து அமர வேண்டும். குழலும் முன்கையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இதற்காகக் கையைத் திருக வேண்டியிருந்தால் பிடி உங்களுக்குப் பெரியது அல்லது சிறியது. முதுகுப் பகுதியை மட்டும் கழற்றி வேறு பருமனில் மாட்டிக்கொள்ளும் வசதி இப்போது பல பிஸ்டல்களில் இருக்கிறது. அந்த வாய்ப்பு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். விரல்களுக்கென்று முன்முகத்தில் பள்ளம் அமைத்த பிடிகளில் எச்சரிக்கை தேவை. பள்ளத்துக்கு ஏற்ற விரல்கள் இருந்தால் நன்று. இல்லையென்றால் மேடு விரலின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிளாக் நிறுவனம் தன் மூன்றாம் தலைமுறைப் பிஸ்டல்களில் கொண்டுவந்த விரல்பள்ளங்களை 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் நீக்கிவிட்டது.

வகைகள்

குறுக்குக்கோட்டு வெட்டு, அதாவது செக்கரிங், மிகப் பழையது. இரண்டு திசைகளில் சாய்கோடுகளை வெட்டும்போது நடுவே சிறு சிறு வைர வடிவக் கூம்புகள் எழுகின்றன. ஓர் அங்குலத்தில் எத்தனை கோடுகள் என்பதே இதன் அளவுகோல். எண் சிறியதானால் கூம்பு பெரியது, கடி அதிகம். அங்குலத்துக்கு 20 கோடு என்றால் கோட்டுக்குக் கோடு 1.27 மில்லிமீட்டர் இடைவெளி. அது எஃகில் வெட்டப்பட்டிருந்தால் உள்ளங்கையில் முத்திரை குத்தியதுபோல் அச்சு விழும். 25 நடுத்தரம். 30 கோட்டில் இடைவெளி 0.85 மில்லிமீட்டர்தான், தடவிப் பார்த்தால் நைந்த அரத்தைப் போலிருக்கும். மென்மையான கையுடைய, வாரம் ஒருமுறை சுடும் ஒருவருக்கு 30-இலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அதே எண் மரத்தில் இன்னும் மென்மையாகத் தோன்றும், ஏனெனில் மரத்தின் கூம்பு முனை நாளடைவில் மழுங்கிவிடும்.

புள்ளிக் கொத்து, அதாவது ஸ்டிப்ளிங், நம் வீடுகளில் அம்மி கொத்துவதை ஒத்தது. மரத்தில் உளி முனையால் நெருக்கமாகக் கொத்துகிறார்கள். பாலிமர், அதாவது பிளாஸ்டிக் வகைச் சட்டத்தில் சூடான ஊசிமுனையால் குத்திக் குத்திப் பள்ளம் போடுகிறார்கள். குறுக்குக்கோட்டு வெட்டில் கூம்புகள் ஒரே ஒழுங்கில் நிற்பதால் கோட்டின் திசையைப் பொறுத்துப் பிடிமானம் மாறும். கொத்தில் ஒழுங்கு இல்லாததால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பற்றும். விளையாட்டுப் பிஸ்டல்களின் மரப்பிடிகளில் இதைப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாலிமர் சட்டத்தில் அச்சிலேயே வார்த்துவரும் மேற்பரப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தயாரிப்பாளர் எல்லாருடைய கைக்கும் பொதுவாகத் தேர்ந்தது அது. பலருக்கு அதுவே போதும்.

ரப்பர் பலகைகள் உதைப்பைச் சற்று மெத்தென்று ஆக்கும். குளிரில் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் எண்ணெயும் சுத்திகரிப்புத் திரவங்களும் பட்டுக்கொண்டே இருந்தால் ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, பிறகு வெடிக்கும். இடுப்பில் வைத்துச் சட்டைக்குள் மறைப்பவர்களுக்கு வேறொரு சங்கடம்: ரப்பர் துணியைப் பற்றிக்கொண்டு சட்டையை மேலே தூக்கிவிடும்.

ஜி-10 என்பது கண்ணாடியிழைத் துணியை எபாக்சி பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் பலகை. அது நீரை உறிஞ்சாது, குளிருக்கும் வெயிலுக்கும் சுருங்கி விரியாது, வெட்டிய கூம்பின் முனை எளிதில் மழுங்காது. கடைசியாகச் சொன்ன நற்குணமே அதன் குறையும்கூட. மலையில் ஆண்டில் பாதி நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் நமக்கு, கூர்மையான ஜி-10 பலகை கம்பளி நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் கருவியாகவும் அமைந்துவிடுகிறது.

டேப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்கநிலையாளர் முதலில் முயல வேண்டியது அதுதான். இரண்டு வகை உண்டு: ரப்பர்போல் தோன்றும் மென்வகை, மணற்காகிதம்போல் தோன்றும் கடினவகை. இரண்டுமே ஒட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் உரித்துவிடக்கூடியவை. பிஸ்டலுக்குக் கேடில்லை, செலவும் குறைவு. நான் சுடப் பழகிய புதிதில் ஆர்வமிகுதியால் கடினவகையை வாங்கி .22 பிஸ்டலின் பிடியைச் சுற்றிலும், முதுகின் உச்சி வரை, ஒட்டிக்கொண்டு போனேன். அறுபது தோட்டாக்களுக்குள் கவட்டுத் தோல் உரிந்துவிட்டது. தோல் ஒரு வாரத்தில் ஆறியது. ஆனால் வலிக்கும் என்று எதிர்பார்த்து, தோட்டா வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே கையைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டது. அதை விடுவிக்க மூன்று மாதம் பிடித்தது. அதிகச் சொரசொரப்பின் உண்மையான விலை இத்தகைய அச்சச் சுருக்கம்தான்.

குளிரில் டேப்பின் பசை சரியாகப் பிடிக்காது. ஊட்டியில் டிசம்பர் மாதம் ஒட்டுவதானால், பிடியை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாக உலரவிட்டு, டேப்பை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி அழுத்தி, ஓர் இரவு தொடாமல் வைத்துவிட வேண்டும்.

மலைக்கை, சமவெளிக்கை

நீலகிரியில் வாழ்பவருக்கு ஒரே கை ஆண்டுக்குள் பல கைகளாக மாறுகிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளிகளில் உறைபனி படியும் காலத்தில் தோல் வறண்டு வெடிக்கும். குளிரில் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்து உணர்வு மங்கும். அப்போது வெற்றுலோகப் பிடி கையின் வெப்பத்தை உறிஞ்சி விரல்களை இன்னும் மரக்கவைக்கும். மரமும் ரப்பரும் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் நிம்மதி தருகின்றன. வறண்ட கைக்குக் கூர்மையான பற்கள் உதவாது, வெடித்த தோலை மேலும் கிழிக்கவே செய்யும். சுடுவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடேற்றி, முந்தின இரவே தேங்காய் எண்ணெய் தடவிக் காலையில் சோப்பால் கழுவிவிட்டு வருவது, எந்தப் பிடியை வாங்கினாலும் அதைவிடப் பலனளிக்கும்.

ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலாப் பக்கம் கொட்டுகிறது; அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கிறது. மழையில் நிற்காவிட்டாலும் மூடுபனியே கையிலும் பிஸ்டலிலும் மெல்லிய நீர்ப்படலத்தைப் பூசிவிடும். இங்கே பள்ளங்களின் வடிகால் வேலைதான் தேவை. மேடுகளின் கூர்மையைவிடப் பள்ளங்களின் ஆழமே கணக்கு.

இவற்றோடு, பயிற்சிக்காகக் கோவைக்கு இறங்குபவர்களின் நிலை தனி. காலையில் ஸ்வெட்டரோடு கிளம்பி, பர்லியாறு தாண்டும்போதே அதைக் கழற்றி, கோவையில் கை வியர்த்து நிற்கும். இரண்டு மணி நேரத்தில் வறண்ட கை ஈரக் கையாகிவிடுகிறது. ஒரே பிடி இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்றால் நடுத்தரச் சொரசொரப்பும், பையில் ஒரு பருத்தித் துண்டும் இருப்பதே நல்ல வழி.

தேர்ந்தெடுக்கும் முறை

முதல் விதி: மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளாமல் எந்தச் சோதனையும் வேண்டாம், உறுதி செய்த பிறகும் பாதுகாப்பான திசையை விட்டு முனை விலகக் கூடாது.

பிறகு உள்ளங்கையில் சாக்பீஸ் தூளை மெல்லியதாகப் பூசிக்கொண்டு, சுடுவதற்குப் பிடிப்பதுபோலப் பிடித்துவிட்டுப் பிஸ்டலைக் கீழே வையுங்கள். பிடியில் எங்கே வெள்ளை படிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் உங்கள் கை தொடுகிறது. வெள்ளை படியாத இடத்தில் சொரசொரப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. பெரும்பாலோர் இதைப் பார்த்து வியப்படைவார்கள், ஏனெனில் சிறிய கையுடையவர்களின் உள்ளங்கைக் குழிவு பக்கப் பலகையைத் தொடுவதே இல்லை. அங்கே தேவை சற்றே புடைத்த பலகை. கூடுதல் பற்கள் அந்த இடைவெளியை நிரப்பாது.

அடுத்து, தூளைத் துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் இயல்பான இறுக்கத்தில் பிடித்திருந்து, கையைத் திறந்து அச்சைப் பாருங்கள். லேசான புள்ளிகள் சில நிமிடங்களில் மறைந்தால் அளவு சரி. சிவந்த குழிகள் அரை மணி நேரம் கழித்தும் தெரிந்தால் உங்களுக்கு அது அதிகம். அதே சோதனையைக் கையை நனைத்து ஒருமுறை உதறிவிட்டுச் செய்து, யாரையாவது பிடியின் அடியைப் பிடித்து மெதுவாகத் திருகச் சொன்னால், ஈரத்தில் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

சுடுதளத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே. ஐந்து தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டபின் உங்களை அறியாமல் பிடியைத் திருத்திக்கொள்கிறீர்களா என்று அருகிலிருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்திக்கொண்டால் பற்றுதல் போதவில்லை. திருத்தவில்லை, ஆனால் குண்டுகள் எல்லாமே ஒரு பக்கமாக விழுகின்றன என்றால், எடுக்கும்போதே தவறாகப் பிடித்த கையைக் கூர்மையான பற்கள் நகரவிடாமல் ஒட்டவைத்திருக்கக்கூடும். உறையிலிருந்து எடுத்துச் சுடுபவர்களுக்கு மிகக் கரடான பிடி ஏற்றதல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். நடுத்தரப் பிடியில் கை அரை நொடியில் வழுக்கிச் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

பாலிமர் பிடியில் சூட்டு ஊசியால் தானே கொத்திக்கொள்ளும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். சட்டத்தின் சுவர் மெல்லியது, ஒருமுறை உருக்கியதைத் திரும்பப் பெற முடியாது, தயாரிப்பாளரின் உத்தரவாதமும் போய்விடும். அடையாள எண்களைச் சிதைப்பதோ மாற்றுவதோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால், எண் பொறித்த இடத்துக்கு அருகில் எந்தக் கருவியையும் கொண்டுபோகவே கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் அதே சட்டத்தின்படி உரிமம் தேவை. ஆகவே டேப் ஒட்டுவதைத் தாண்டிய எந்த மாற்றத்தையும் உரிமம் பெற்ற கடையில் கேட்டுக்கொண்டு அவர்கள் கையாலேயே செய்துகொள்வது நல்லது.

பராமரிப்பு

பள்ளங்கள் ஈரத்தை மட்டுமல்லாமல் வியர்வை உப்பு, எண்ணெய், வெடிமருந்துக் கரி, ஈயத் தூள் ஆகியவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. நிரம்பிய பள்ளம் பள்ளமே இல்லாததற்குச் சமம்; ஆறு மாதத்துக்கு முன் நன்றாகப் பற்றிய பிடி இப்போது வழுக்குகிறது என்று சொல்பவர்கள் புதியது வாங்குவதற்கு முன் பழைய பல்துலக்கியையும் சோப்பு நீரையும் முயன்று பார்க்கலாம். பலகைகளைக் கழற்றித் தேய்த்து, நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். மரப் பலகையை நீரில் ஊறவைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை ஓரிரு துளி ஆளி விதை எண்ணெயைத் தேய்த்துவிட்டு, மிகுந்ததைத் துடைத்தெடுத்தால் போதும். மழைக்காலத்தில் மரம் ஈரமேறிப் பருத்து வெயில்காலத்தில் சுருங்குவதால், பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளைப் பருவம் மாறும்போதெல்லாம் ஒருமுறை சோதிக்க வேண்டும்; ஆடும் பலகையில் எந்தச் சொரசொரப்பும் பயன் தராது. எஃகில் வெட்டிய செக்கரிங்கின் பள்ளங்களில் துரு முதலில் தொடங்கும் என்பதால் அங்கே மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, சுடுவதற்கு முன் அதைத் துடைத்தெடுப்பது என்ற இரண்டு வேலைகளும் சேர்ந்தே வரும். பிடியைக் கழுவி முடித்த கையைச் சாப்பிடுவதற்கு முன் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு மறுபடியும் கழுவுங்கள்; பள்ளத்திலிருந்து வந்த ஈயம் இப்போது நகக்கண்ணில் இருக்கும்.

இரவில் பிஸ்டலைத் தோல் உறையிலேயே விட்டு இரும்புப் பெட்டியில் பூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. குன்னூர் மழையில் தோல் ஈரத்தை வாங்கி வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளும். பத்து நாள் கழித்துத் திறந்தால் மரப் பிடியின் கொத்துப் புள்ளிகளில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்திருக்கும். உறையைத் தனியே காற்றாட வைத்து, பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, அதன் மணிகள் நிறம் மாறியதும் அடுப்பின் அனலில் காயவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.